பழைய ராலே சைக்கிளை மீண்டும் ஓட வைத்தல்: ஒரு மரைக்குப் பின்னால் உள்ள வரலாறு

பழைய ராலே சைக்கிள் ஒன்று கையில் கிடைத்தால் பலரும் முதலில் செய்வது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிப்பதுதான். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அதன் வயதையும் பிறப்பிடத்தையும் சொல்லக்கூடிய தடயங்களில் பாதி அந்தப் பெயிண்டோடு போய்விடும். வண்டியைப் புதுசாக்குவது வேறு, ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது வேறு. இரண்டாவதற்கு அந்த வண்டியின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் சட்டமே கெட்டுப்போகலாம். எப்படி என்று பார்ப்போம்.

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியிலிருந்து வருகிறது. ஒரே அளவுக்கு நெருங்கிய இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின். 1888-ல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நாட்டிங்காம் நகரின் ராலே தெருவில் ஒரு சிறிய பட்டறை சைக்கிள் செய்துகொண்டிருந்தது. ஃபிராங்க் போடன் என்பவர் அதை வாங்கிப் பெரிய கம்பெனியாக்கினார். தெருவின் பெயரே கம்பெனியின் பெயராக நிலைத்தது.

இங்கேதான் மரை விஷயம் வருகிறது. பெடல் கிராங்க் சுழலும் அச்சைத் தாங்குகிற கிண்ணங்களும், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கிண்ணங்களும் மரை போட்டு இறுக்கப்படுபவை. பிரிட்டிஷ் சைக்கிள்களில் பொதுவாக இவற்றுக்கு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமில் செய்த ராலே வண்டிகளில் 26 மரை. ஊர் முழுக்க ஒரு கணக்கு இருக்க, ராலே பல பத்தாண்டுகள் தன் சொந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் உதிரிபாகத்துக்கு நம்மிடமே வரட்டும் என்ற எண்ணமும் இதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதன் விளைவை இன்று அனுபவிப்பவர் வண்டியைச் சரிசெய்பவர்தான். தேய்ந்த கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் 24 மரைக் கிண்ணத்தைப் போட்டால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், மூன்றாவதில் இறுகும். 'துரு இருக்கும், அதனால்தான்' என்று நினைத்துப் பலமாகத் திருகினால் சட்டத்தில் உள்ள மரை அழிந்துவிடும். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ஆகவே பழைய கிண்ணத்தையும் நட்டையும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் எறியக்கூடாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிப் பார்த்தால் பெரும்பாலும் குண்டுகளை மாற்றினாலே போதுமானதாக இருக்கும். கிராங்க் அச்சில் ஒரு பக்கத்துக்குப் பதினொன்று வீதம் கால் அங்குலக் குண்டுகள். இன்னொன்றும் உண்டு: செயின் பக்கக் கிண்ணம் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் கழலாது, இன்னும் இறுகும்!

ராலே தலைச்சின்னம் இல்லாவிட்டால் அது ராலே குடும்பமா என்று எப்படித் தெரியும்? பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். ராலேயில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பர் வண்டியில் ஓடும் மனிதர்கள், ரட்ஜ் வண்டியில் ஒரு கை. ஹம்பரை 1932-லும் ரட்ஜை 1943-லும் ராலே வாங்கிவிட்டதால், அதற்குப் பிந்தைய அந்த வண்டிகளிலும் 26 மரையை எதிர்பார்க்கலாம்.

மூன்று கியர் ஹப் இருந்தால் வயதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப்பின் மேல் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். 52 என்றும் 8 என்றும் இருந்தால் 1952 ஆகஸ்ட். சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. இந்த ஹப்புக்குள் தைரியமாக எண்ணெய் விடலாம், அதற்கென்றே ஒரு சிறிய மூடி வைத்திருக்கிறார்கள். ஆனால் கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டவில்லையென்றால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் நடுவே பிடிமானம் இல்லாத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே மாட்டினால் பெடல் சட்டென்று வெறுமனே சுற்றும், ஆள் விழுவார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இனி டயர். பழைய பெரிய வண்டிகளில் 28 x 1½ அளவு, அதாவது ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். வெறுமனே '28 டயர்' என்று கேட்டால் 622 மில்லிமீட்டர் டயரைக் கொடுத்துவிடுவார்கள். 13 மில்லிமீட்டர் வித்தியாசம், ரிம்மில் ஏறவே ஏறாது.

இந்த 635 டயர் இங்கிலாந்தில் வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் தொடர்ந்து செய்யப்பட்டது. காரணம், வண்டியின் மாதிரியே இங்கே இடம்பெயர்ந்திருந்தது. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் செய்யப்பட்டன. 1952-ல் வங்காளத்தின் ஆசன்சோல் அருகே சென்-ராலே தொழிற்சாலை வந்தது. கம்பி பிரேக், கருப்புச் சட்டம், அகலமான மட்கார்டு என்று பழைய பிரிட்டிஷ் உருவம் அதிகம் மாறாமல் பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோரிடமும் ஓடியது. நாட்டிங்காமிலோ 2000-ல் ஸ்டர்மி-ஆர்ச்சர் நொடித்துத் தைவான் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2002-ல் ராலே தொழிற்சாலை மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் பழைய ராலேயைச் சரிசெய்கிறவர்கள் டயருக்கும் கம்பி பிரேக் பாகங்களுக்கும் இந்தியச் சரக்கைத் தேடத் தொடங்கினார்கள்.

ஆனால் டயரும் பிரேக் கட்டையும் இந்தியாவில் கிடைக்கிறது என்பதற்காக இங்கே விற்கும் கிண்ணமும் நாட்டிங்காம் சட்டத்தில் பொருந்திவிடும் என்று நினைக்கக்கூடாது. புதுக் கிண்ணம் வாங்கினால் பழைய கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சட்டத்தில் ஏற்ற வேண்டும்.