சுமையும் சமூகமும்: தீவகத்திற் பாரம் பெயர்த்த முறைகள் பற்றிய ஒரு குறிப்பு

தொழில்நுட்ப வரலாறு என்றதும் நீராவியையும் மின்சாரத்தையும் நினைவுகொள்வது நமது ஆய்வுலகின் வழக்கமாகிவிட்டது. ஒரு பெட்டகம் வள்ளத்திலிருந்து வீட்டின் உள்ளறையை எவ்வாறு அடைந்தது என்ற வினா அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆயின் அவ்வினாவுக்கு விடை தேடுகையில், கருவியோடு அதனைப் பிடித்த கையையும் அக்கையை ஏவிய அதிகாரத்தையும் ஒருங்கே காண நேர்கிறது. யாழ்ப்பாணத் தீவகம் அத்தகைய ஆய்வுக்குத் தக்க களமாகும்.

தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடையிலுள்ளது பெரும்பாலும் ஆழங்குறைந்த பரவைக்கடல். வேலணைத் தீவும் புங்குடுதீவும் இன்று தாம்போதிகளால் இணைக்கப்பட்டுள்ளன; நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு இன்றும் கடல்வழியே வழி. எனவே பாரமான பொருளொன்றை வண்டிலிலிருந்து வள்ளத்துக்கும், வள்ளத்திலிருந்து துறைக்கும், துறையிலிருந்து மீண்டும் வண்டிலுக்குமாகப் பன்முறை ஏற்றியிறக்க வேண்டியிருந்தது. ஊர்காவற்றுறை யானைகளையே கப்பலேற்றிய துறை. அதன் ஐரோப்பியப் பெயரான 'கைற்ஸ்', துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பர்.

சொற்களும் இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றன. அலுமாரி, மேசை, கதிரை என்பன போர்த்துக்கேயர் வழி வந்தவை. லாச்சி ஒல்லாந்தர் வழி வந்தது. பாரத்தை நெம்பும் அலவாங்கும் போர்த்துக்கேயச் சொல்லே. ஆனால் காவுதல், காவுதடி, சும்மாடு, ஆப்பு என்பன தமிழ். வீட்டை நிரப்பிய பொருள்களின் பெயர்கள் ஆட்சியாளரோடு வந்தன. அவற்றைச் சுமந்தவரின் சொற்கள் முன்பே இங்கிருந்தன.

முறைகள் எளியவை; ஆயின் நுணுக்கமானவை. பெட்டகத்தின் ஒரு மூலையை அலவாங்கால் நெம்பிக் கல்லொன்றைச் செருகுவர், பின்னர் மறுமூலை. இவ்வாறு சாண் சாணாக உயர்ந்ததும் ஒரே பருமனுள்ள பனங்குற்றிகளை அடியில் இடுவர். பின்னால் விடுபடும் குற்றி முன்னால் வைக்கப்படும்; திரும்ப வேண்டிய இடத்தில் முன்குற்றியைச் சரித்து வைத்தாற் போதும். சரிவில் இறக்கும்போது தும்புக் கயிற்றைப் பனைமரத்திற் சுற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். பாரத்தின் பெரும்பகுதியை உராய்வே தாங்கிக்கொள்ளும். சீமெந்துத் தரையில் அலுமாரியின் காலடியில் ஒரு சாக்கு. சில பெட்டகங்களுக்கு அடியிலே சில்லுகளும் பொருத்தப்பட்டிருந்தன.

இத்திறன் எவருடையது? 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பற்றிப் பேசும் அதே ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் விதிக்கிறது. பெட்டகமும் அதனைக் காவியவனும் ஒரே சொத்துரிமைச் சட்டத்துள் அடங்கியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும் சமூகத்தில் மணமகனே இடம்பெயர்ந்தான். பாரமான தளபாடம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது அசைய நேர்ந்தபோது குடிமை முறைக்குட்பட்ட தோள்கள் அழைக்கப்பட்டன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். சாதிவழி ஏவல் அச்சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை. ஏவலுக்கு உழைப்புக் கிடைக்கும்வரை, அவ்வுழைப்பை மிச்சப்படுத்தும் பொறியை நாட வேண்டிய தேவை உடைமையாளனுக்கு எழுவதில்லை.

இங்கு ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. உழைப்பின் தாளத்துக்கும் பாடலின் தோற்றத்துக்குமுள்ள உறவைக் கார்ள் பூக்கர் 1896இல் ஆராய்ந்தார். கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் பேர்மிங்காமில் ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் தொம்சன் அதனை மார்க்சிய நோக்கில் வளர்த்தார். நமது கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்களும் அவ்வகையினவே. பெட்டகம் தூக்குவோரும் ஒரு குரலுக்கே தோள்கொடுத்தாக வேண்டும். அக்குரல் சுமப்பவருள் ஒருவருடையது. வீட்டுக்காரரின் ஆணை அக்கணத்திற் பயன்படாது. அவர் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். பாரம் தரையைத் தொட்டதும் பழைய படிநிலை மீள்கிறது; உள்ளறைவரை பெட்டகத்தைக் கொண்டுசென்றவர் முற்றத்துக்குத் திரும்புகிறார். உற்பத்தியில் இன்றியமையாதவராகவும் உறவில் விலக்கப்பட்டவராகவும் ஒருவரே இருந்த நிலை இதுவாகும். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திற் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் இம்முரண்பாட்டையே தெருவுக்குக் கொணர்ந்தது.

1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எரிபொருட் தடையினால் வாகனங்கள் முடங்கின, துவிச்சக்கரவண்டி பாரவண்டியாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. ஏவுவதற்கு ஆளற்ற நிலையில் ஒவ்வொரு குடும்பமும் தன் சுமையைத் தானே தள்ளிச் சென்றது. சாதி மறைந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. பிறர் தோளிலே பெயர்ந்தவற்றுட் பல, சொந்தத் தோளை நம்ப நேர்ந்தபோது கைவிடப்பட்டன என்பதே இதன் பொருள். பெட்டகம் வீட்டோடு நின்றது. உறுதியும் நகையும் அரிசியும் சென்றன.

நூதனசாலைகள் பெட்டகத்தைப் பேணுகின்றன, காவுதடியைப் பேணுவதில்லை. வேலைப்பாட்டின் அழகை விதந்துரைக்கும் குறிப்புகளில் அதனைச் சுமந்தவருக்கு ஒரு வரியுமில்லை. துறைமுகத் தொழிலாளரிடமும் வண்டிற்காரரிடமும் எஞ்சியுள்ள முறைகளையும் சொற்களையும் குரல்களையும் திரட்டுவது நமது நாட்டாரியல் ஆய்வின் உடனடிக் கடமையாகும். அவை இழக்கப்படின், பொருள்களின் வரலாறு உடைமையாளரின் வரலாறாகவே எஞ்சும்.