இரண்டாம் சாரதி

சில ஆண்டுகளுக்கு முன், பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைக் காணவேண்டும் என்ற நெடுநாள் ஆசையில் நம் குழுவினர் ஐவர் சென்னையில் ஒரு வாடகைக் காரை ஓட்டுநரின்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் ஒருவர். 'கூடுதல் ஓட்டுநர்' என்ற தலைப்பின் கீழிருந்த இரண்டு கோடுகளை எவரும் பொருட்படுத்தவில்லை. கல்லறைகளைக் கண்டபின், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் நண்பர் வீட்டில் மதிய உணவு. உணவுக்குப் பின் ஒப்பமிட்டவருக்குக் கடுந்தலைவலி. ஆகவே எங்களில் இன்னொருவர், இருபது ஆண்டுகளாக உரிமம் வைத்திருப்பவர், சக்கரத்தைப் பிடித்தார். தச்சூர் கூட்டுச்சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று இடப்பக்கக் கதவை உரசிச் சென்றது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் "ஓட்டினது யாரு சார்?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னோம். முன்பணம் முழுவதும் போயிற்று; பழுதுச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது. தாளில் பெயரில்லாதவர் ஓட்டினார் என்பதே காரணம். பொய் சொல்லியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அது வேறு கதை. பணம் போனதைவிட ஒரு கேள்வியே எங்களை நெடுநாள் அரித்தது. அரசு ஓட்டலாம் என்று உரிமம் கொடுத்த ஒருவரை, ஒரு தாளின் வெற்றுக்கோடு ஓட்டத் தகாதவராக்கியது எப்படி? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

தொடக்கத்திலிருந்தே நம்மூரில் கார் என்பது ஓட்டுநரோடு சேர்ந்த பொருள். சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். அந்நாளில் வண்டியை வாங்கியவரும் ஓட்டியவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். குதிரை வண்டிக்காரர் இருந்த இடத்தில் டிரைவர் வந்து அமர்ந்தார், அவ்வளவுதான். தானே ஓட்டுவது துரைமாரின் விளையாட்டாக இருந்தது. அந்த விளையாட்டுக்கு இம்மாவட்டத்திலேயே ஒரு களமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரம் ஓடுபாதையில்தான், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின் அந்த ஆரவாரம் இடம்பெயர்ந்துவிட்டது.

ஓட்டுநரின்றிக் காரை மட்டும் வாடகைக்குத் தரும் தொழில் வளர்ந்தது அமெரிக்காவில். 1918இல் சிகாகோவில் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்பவர் ஒரு டஜன் ஃபோர்டு 'மாடல் டி' கார்களோடு கடை விரித்தார். 1923இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்க, அவர் பெயரே உலகெங்கும் பரவியது. முன்பின் அறியாதவரிடம் தன் உடைமையைக் கொடுத்தனுப்பும் வணிகம் இது. வணிகரின் பிடிமானம் தாளில் எழுதிய பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்குரியவர் சக்கரத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், பிடிமானமும் கைமாறிவிடுகிறது. கூடுதல் ஓட்டுநருக்குத் தனிக் கோடும் தனிக் கட்டணமும் முளைத்த வேர் இதுவே. கலிபோர்னியாவில் உரிமமும் உரிய வயதும் உள்ள வாழ்க்கைத்துணையை அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநராகச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. மச்சானைப் பற்றி அது பேசவில்லை. நம்மூரில் எழுதியிருந்தால் முதலில் மச்சானைத்தான் சேர்த்திருப்பார்கள்.

இங்கே சட்டம் வேறு திசையில் நடந்தது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. அதன் 96ஆம் பிரிவு, காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைச் சொல்லித் தப்பலாம் என்று வரையறுத்தது. அவற்றுள் ஒன்று, பெயர் குறிப்பிட்டு விலக்கப்பட்டவரோ உரிமமற்றவரோ ஓட்டுவது. ஆக, பெயர் எழுதுவது விலக்குவதற்காக, சேர்ப்பதற்காக அன்று. பிரிட்டனில் தனியார் கார்க் காப்பீட்டில் ஓட்டுவோரின் பெயர்களை எழுதிச் சேர்ப்பதே பெருவழக்கு. இந்தியக் காப்பீட்டுத் தாளிலோ, செல்லத்தக்க உரிமமுள்ள எவரும் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டலாம் என்பதே வழமையான வாசகம். இந்த வேறுபாடு தெரிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. எங்கள் நண்பர் ஓட்டியது காப்பீட்டின் பொது விதிக்கு மாறானதன்று. அவரை வெளியே நிறுத்தியது வாடகை நிறுவனத்தின் ஒப்பந்தம். அந்த வழக்கம் கடல் கடந்து வந்தது.

அது வந்த வழியும் எழுதி வைக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தாமே ஓட்ட விரும்புவோருக்கு வண்டி வாடகைக்கு விடும் தொழிலை ஒழுங்குபடுத்தத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. 1989இல் 'ரெண்ட் எ கேப்' திட்டம் வந்தது. உரிமம் கேட்பவரிடம் அகில இந்தியச் சுற்றுலா அனுமதியுள்ள கார்கள் 50க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றது அத்திட்டம். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இவ்வண்டிகளின் அடையாளம். 50 கார் வாங்க முடியாதவர் என்ன செய்வார்? வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர்களுக்குச் சத்தமின்றி வாடகைக்கு விடுவார். 'ஓன் போர்டு' என்று இதற்குப் பெயரே உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த வண்டியை வாடகைக்கு விட்டால், பழுதுக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். இவ்வழக்கத்தில் கூடுதல் ஓட்டுநர் என்ற பேச்சே எழாது. முதல் ஓட்டுநருக்கே தாள் இல்லை.

இதுவரை சொன்னது கதவு உரசிய கதை. அந்த லாரி உரசியது கதவை அல்லாமல் ஓர் ஆளை என்றால்?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1987இல் அளித்த தீர்ப்பு ஒன்று உண்டு. ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனத்துக்கும் கோகிலாபென் என்பவருக்கும் இடையிலான குஜராத் வழக்கு. உரிமமுள்ள லாரி ஓட்டுநர், எஞ்சினை அணைக்காமல் வண்டியைக் கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டுச் சிற்றுண்டி வாங்கப் போகிறார். உரிமமற்ற கிளீனர் வண்டியை நகர்த்த, ஓர் உயிர் போகிறது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமையாளர் உரிமமுள்ளவரிடம்தான் வண்டியை ஒப்படைத்தார். விதியை மீறியவர் அவரல்லர். ஆகவே நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்றது. 2004இல் சுவரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இவ்வழியிலேயே மேலும் சென்றது. மீறல் நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, உரிமையாளரே அதற்குப் பொறுப்பு என்று நிறுவனம் மெய்ப்பிக்கவேண்டும் என்றும், வேண்டிய இடத்தில் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. தாளில் யார் பெயர் இருந்தது என்பதைச் சாலையில் விழுந்து கிடப்பவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நம் நீதிமன்றங்கள் உணர்ந்திருந்தன என்றே நாங்கள் கொள்கிறோம்.

செங்குன்றத்திலிருந்து சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டித் தடா வரை போகும் சாலையில் பயணித்தவர்களுக்குக் கிளீனர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய என்.எச். 5, இப்போது 16. எண்ணூர்த் துறைமுகத்துக்கும் சிப்காட்டின் இரும்பாலைகளுக்கும் இடையே இரவுபகலாக லாரிகள். டிரைவர் கண்ணயரும் நேரத்தில் சக்கரம் யார் கையில் என்பதை எல்லோரும் அறிவார்கள், எவரும் எழுதமாட்டார்கள். லாரி ஓட்டக் கற்பதே பலருக்கு அந்த எழுதாத நேரங்களில்தான்.

அரசு எழுதித்தான் வைத்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், நெடுந்தூரத் தடங்களில் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றும் வகுத்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 90ஆம் விதி, தேசிய அனுமதி பெற்ற கனரக லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்கவேண்டும், ஒருவர் நீட்டிப் படுத்துறங்க முழுநீள இருக்கை வேண்டும் என்றே சொன்னது. வாடகைக் காரில் கட்டணம் கட்டிச் சேர்க்கவேண்டிய இரண்டாம் ஓட்டுநர், லாரியில் சட்டப்படி கட்டாயம்! ஆனால் இரண்டாம் டிரைவருக்கும் சம்பளமும் பேட்டாவும் தரவேண்டுமே. (பேட்டா என்பது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் களப்படி, அதைக் கிளைவ் குறைத்ததற்காக 1766இல் வங்காளத்து வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தார்கள். நம் லாரிக்காரர்கள் அவ்வளவு தூரம் போனதில்லை.) ஆகவே பல வண்டிகளில் இரண்டாம் இடம் கிளீனருக்கே போயிற்று. 2018இல் ஃபாஸ்டாகும் இடமறி கருவியும் பொருத்திய வண்டிகளுக்கு இரண்டு ஓட்டுநர் நிபந்தனை தளர்த்தப்பட்டது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அதை ஓட்டுபவர் விழித்திருக்கிறாரா என்பதை அது எப்படிச் சொல்லும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

உரிமங்களுக்கான அரசின் கணினித் தளத்துக்குச் 'சாரதி' என்று பெயர். அச்சொல்லைக் கேட்டதும் எங்களில் ஒருவருக்குச் சல்லியன் நினைவு வந்தது. கர்ணனின் தேரைச் செலுத்துமாறு துரியோதனன் வேண்டியபோது, தன் மனத்தில் பட்டதையெல்லாம் கர்ணனிடம் பேசுவேன், தடுக்கலாகாது என்று நிபந்தனை போட்டுவிட்டே அவன் கடிவாளத்தைத் தொட்டான். பாரதக் கதையில் சாரதியே நிபந்தனை விதிக்கிறான். வண்டி கொடுப்பவன் கேட்டுக்கொள்கிறான். வாடகை நிறுவனத்தின் மேசையில் நிலைமை தலைகீழ்.

அடுத்த முறை திருவள்ளூர்ப் பக்கம் போனபோது வேறொரு நிறுவனத்தில் வண்டி எடுத்தோம். இரண்டு கோடுகளையும் நிரப்பினோம், இரு உரிமங்களின் நகல்களைக் கொடுத்தோம், கட்டணமும் செலுத்தினோம். அன்று போகும்போதும் வரும்போதும் முதல் பெயருக்குரியவரே ஓட்டினார். மற்ற இருவரும் பின்னிருக்கையில் உறங்கினார்கள்.