நடந்து போகும் தூரத்தில் மூன்று முன்பள்ளிகள்

இலங்கையில் அரசின் இலவசக் கல்வி தரம் 1 இலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஜனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் அதில் சேர்ப்பார்கள். அதற்கு முந்திய இரண்டு வருடங்களுக்கும் பிரதேச சபை, சனசமூக நிலையம், ஆலயம், தேவாலயம் என்று யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். அதனால் பொது முன்பள்ளிகள் என்றாலும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. மகளுக்கு மூன்று வயதானதும் வலிகாமத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மூன்றையும் போய்ப் பார்த்தேன்.

பிரதேச சபையின் முன்பள்ளியில் கட்டடம் புதிது. மதில், பூட்டுப்போட்ட கேற், சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கே மலசலகூடம். ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியை.

ஆலயத்தோடு சேர்ந்தது ஊரில் பெயர் பெற்றது. நான்கு வயதுப் பிள்ளைகள் குனிந்தபடி கொப்பியில் எழுத்துகளைப் பார்த்தெழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலையும் உண்டு. பெற்றோருக்கு இதில்தான் பெருமை. தரம் 1 இல் முதல் சில வாரங்கள் விளையாட்டும் செயற்பாடுகளுமாகப் பிள்ளையை இனங்காண்பதிலேயே போகின்றன. எழுத்து அதற்குப் பிறகுதான். பென்சிலை இறுக்கிப் பிடிக்கவே தெரியாத விரல்களுக்கு இந்த அவசரம் ஏனோ!

சனசமூக நிலையத்தினுடையது வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபம். ஊஞ்சல் ஒன்று அறுந்து கிடந்தது. மலசலகூடத்துக்கு வெயிலில் வளவைக் கடந்து போகவேண்டும். ஆனால் இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். புளியங்கொட்டை எண்ணினார்கள், மண்ணில் வீடு கட்டினார்கள், கதை கேட்டார்கள். அழுத பிள்ளையை ஒருவர் தூக்கி வைத்திருக்க மற்றவர் கதையைத் தொடர்ந்தார்.

மகளை அங்கேதான் சேர்த்தேன். பயம் ஒன்றுதான். சிறு கொடுப்பனவும் பெற்றோர் தரும் மாதப் பணமும்தான் அந்த ஆசிரியைகளின் வருமானம். இவருக்கு முன்பு இருந்தவர் யாழ். நகரில் புடவைக்கடை வேலைக்குப் போய்விட்டாராம். சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் மாதப் பணத்தைக் கூட்டும் பேச்சு வந்தது. "எழுத்தும் படிப்பிக்கேல்லை, பிறகேன் கூட்டுறது?" என்று ஒருவர் கேட்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. ரீச்சர் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்.