பிஆர்சிஏ மரபணு மாற்றம்: தந்தை வழியிலும் வரும் புற்றுநோய் அபாயம்

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்கள் அனைவரது உடலிலும் உள்ளவை. செல்லில் டிஎன்ஏ இழை அறுபடும்போது அதைப் பிழையின்றிச் சீர்செய்வது இவற்றின் பணி. இவற்றில் ஒன்று பழுதுற்ற நிலையில் பெற்றோரிடமிருந்து வந்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்து, புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

அமெரிக்காவில் பொதுவாக 100 பெண்களில் சுமார் 13 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் ஏற்படுகிறது. இம்மாற்றம் உள்ளவர்களிடையே அது 60-க்கும் அதிகம் என்கிறது அந்நாட்டு தேசிய புற்றுநோய் நிறுவனம். சினைப்பைப் புற்றுநோய் பொதுவாக 100-இல் ஏறத்தாழ ஒருவருக்கே வருகிறது. பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களில் 39 முதல் 58 பேருக்கு வரக்கூடும். எனினும், மாற்றம் இருப்பதே நோய் அல்ல.

குடும்பத்தில் புற்றுநோய் உண்டா என்று கேட்டால் தாய், பாட்டி, சித்தி என்று தாய்வழி உறவுகளையே பலர் எண்ணிப் பார்க்கின்றனர். அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் வந்த நோய் கணக்கில் வருவதில்லை. இது பெரும் தவறு. தந்தையிடமிருந்தும் இம்மாற்றம் 50 சதவீத வாய்ப்புடன் மகளுக்கோ மகனுக்கோ வரும். ஆண்களுக்கும், குறிப்பாக பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால், புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் அதிகம். மார்பகப் புற்றுநோயும் வரலாம்.

மாற்றம் உறுதியான பெண்களுக்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ பரிசோதனையும், 30 வயது முதல் அத்துடன் மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றுவது மற்றொரு வழி. 2013-இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி இதைச் செய்துகொண்டதாக அறிவித்த பிறகே உலகின் பல நாடுகளில் இப்பரிசோதனை பொதுப்பேச்சானது.

சினைப்பை விஷயத்தில் முடிவெடுப்பது இன்னும் கடினம். அப்புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான பரிசோதனை இல்லை. எனவே குழந்தைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 எனில் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 எனில் 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்ற மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அதன்பின் மாதவிடாய் உடனே நின்றுவிடும். எலும்புத் தேய்மானமும் உடல் வெப்ப அலைகளும் தொடரலாம். திருமணம், குழந்தைப்பேறு குறித்த முடிவுகளையும் இந்த வயதுக் கணக்கு நெருக்குகிறது.

இந்தியாவில் காப்பீடு தொடர்பான அச்சமும் உண்டு. மரபணுக் குறைபாட்டைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, இக்காரணத்தால் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பரிசோதனையை, இயன்றவரை, குடும்பத்தில் புற்றுநோய் வந்தவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவரிடம் எந்த மாற்றம் உள்ளது எனத் தெரிந்தால், உறவினர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அது இல்லையெனில், அவர்களின் அபாயம் பெரும்பாலும் பிறருக்கு உள்ள அளவே. சிறார்களுக்கு இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. 18 வயதுக்குப் பின், மரபணு ஆலோசனை பெற்று, அவர்களே முடிவு செய்யலாம்.