முழுகாம இருக்கா: நாள் கணக்கிலிருந்து சோதனை அட்டை வரை



எங்க ஐயம்பேட்டையில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் "முழுகாம இருக்கா" என்று சொல்வோம். மாதவிலக்கு முடிந்து தலை முழுகுவது நின்றுபோச்சு என்று அர்த்தம். பாட்டி காலத்தில் அதுதான் சோதனை. நாள் தள்ளணும், வாந்தி வரணும், மருத்துவச்சி வந்து பார்க்கணும்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. கரு உண்டாகி சுமார் 10 முதல் 14 நாளில் கர்ப்பப்பையில் ஒட்டும்போது சிலருக்கு லேசாக ரத்தம் படும். அது மாதவிலக்கு வர வேண்டிய சமயம். "வந்துடுச்சு" என்று முழுகிவிடுவார்கள்.

முதல் பிள்ளைக்கு எனக்கும் அப்படித்தான். ரெண்டு நாள் பழுப்பாகத் திட்டு. மாமியார் "உடம்பு சூடும்மா, இளநீர் குடி" என்றார். நானும் தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தேன். மூணாவது மாசம்தான் விஷயம் தெரிந்தது.

வெளிநாட்டில் 1920-களின் கடைசியில் ஜெர்மனி டாக்டர்கள் ஆஷைமும் சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரை எலிக்கு ஊசி போட்டுக் கண்டுபிடித்தார்கள். பிறகு தவளையை வைத்துப் பார்த்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் மார்கரெட் கிரேன் என்ற பெண், மருந்து கம்பெனியில் படம் வரைகிற வேலை செய்தவர், வீட்டிலேயே பார்க்கும் சோதனையை உருவாக்கினார். கம்பெனிக்காரர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணே தன் வீட்டில் தெரிந்துகொள்வதா என்ற தயக்கம்.

நம்ம நாட்டில் 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகு "நிஷ்சய்" என்ற இலவச அட்டை கிராமங்களுக்கு வந்தது. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் பதிவு செய்யணும். நாள் கணக்கு தப்பினால் அதுவும் தள்ளிப்போகும்.

ரெண்டாவது முறை எனக்குத் திட்டு பட்டதோடு ஒரு பக்கம் அடிவயிறு வலி, தலைசுற்றல். அட்டையில் ரெண்டு கோடு. உடனே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கரு குழாயில் தங்கியிருந்தது. கரு போச்சு, நான் பிழைத்தேன். சூடு என்று இளநீர் குடித்துப் படுத்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

திட்டு பட்டால் எல்லாமே கர்ப்பம் இல்லை. லூப், மாத்திரை, கிருமி என்று வேறு காரணமும் இருக்கும். ஆனால் வழக்கத்தைவிடக் குறைவாகப் பட்டு நின்றுவிட்டால், காலையில் முதல் சிறுநீரில் சோதனை பண்ணுங்க. ஒரு கோடு வந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்க. வலி, மயக்கம், அதிக ரத்தம் இருந்தால் காத்திருக்காதீங்க.

சேமிப்புத் தேதியைக் குழு நோட்டில் தவறாமல் எழுதுகிறோம். நம்ம உடம்பின் தேதியையும் காலண்டரில் குறித்து வைப்போம் சகோதரிகளே.