70 நாள் ராத்திரி!

ஒரு ராத்திரி கரண்ட் போனாலே நமக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. 70 நாள் சூரியனே எட்டிப் பார்க்காவிட்டால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்!

1898-ல் 'பெல்ஜிகா' என்ற பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சிக் கப்பல், அண்டார்டிகா அருகே உறைந்த கடலில் வசமாக மாட்டிக்கொண்டது. தென்துருவப் பக்கம் மே, ஜூன், ஜூலைதான் கடுங்குளிர்காலம். மே மாத நடுவில் அஸ்தமித்த சூரியன், ஜூலை கடைசி வாரம்தான் மறுபடி தலைகாட்டியது! அண்டார்டிக் வட்டத்துக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க மனிதர்கள் தங்கியது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நாளிலேயே கப்பலில் சிரிப்பு நின்றது. முகங்கள் வெளிறின. தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை. ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்த எமில் டாங்கோ என்ற விஞ்ஞானி ஜூன் 5-ம் தேதி இறந்துபோனார். கேப்டன் லெக்வாண்ட் உயிலே எழுதிவிட்டார்!

கப்பலின் டாக்டர் அமெரிக்கரான ஃபிரெடரிக் குக். முன்பு கிரீன்லாந்தில் எஸ்கிமோக்களோடு பழகியவர். 'இவர்கள் கோழைகள் இல்லை. உடம்பு வெளிச்சத்துக்கு ஏங்குகிறது' என்பது அவர் கணிப்பு. தினமும் வெற்றுடம்போடு அடுப்பு நெருப்பின் முன்னால் நிற்கச் சொன்னார். கூடவே, பிடிக்காவிட்டாலும் பெங்குவின் இறைச்சியைச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார். சாகக் கிடந்த கேப்டன் எழுந்து நடமாடினார்!

உண்மையில் அவர்களை அதிகம் காப்பாற்றியது அந்த இறைச்சிதான். 'ஸ்கர்வி' நோயை விரட்டும் வைட்டமின் சி அதில் இருந்தது. அடுப்பு வெளிச்சம் ரொம்பக் கம்மி. ஆனாலும் டாக்டரின் ஊகம் வீண்போகவில்லை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் ஒழுங்காக ஓடும். 1984-ல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் குழுவினர் 'பருவகால மனச்சோர்வு' என்று இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். குளிர் நாடுகளில் இன்று அதற்குத் தரப்படும் ஒரு சிகிச்சை என்ன தெரியுமா? தினமும் காலையில் அரை மணி நேரம், 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் உட்காருவது!

1899 மார்ச்சில் பெல்ஜிகா பனியிலிருந்து விடுபட்டது. டாக்டரின் பிற்கால வாழ்க்கை அவ்வளவு நன்றாக இல்லை. எண்ணெய்க் கம்பெனி மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். 1926-ல் அவரைப் பார்க்க ஒருவர் அந்த ஜெயிலுக்கே வந்தார். தென்துருவத்தை முதலில் தொட்ட ரோல்ட் அமுண்ட்சென்!

பெல்ஜிகாவில் அந்த 70 நாள் இருட்டைத் தாண்டியவர்களில் அவரும் ஒருவர். மறக்க முடியுமா, சொல்லுங்கள்?