திருவேட்களத்தில் ஓர் உறைவிடப் பல்கலைக்கழகம்

நம்மவர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி "எந்த பேட்ச்?" என்பது. அடுத்த கேள்வி "எந்த ஹாஸ்டல்?" சிவிலா, மெக்கானிக்கலா என்பதெல்லாம் அப்புறம்தான். மற்ற கல்லூரிக்காரர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்ததே உறைவிடப் பல்கலைக்கழகமாகத்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள சரித்திரத்தை, இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடந்ததோ எங்கெங்கோ இருந்த கல்லூரிகளில். கல்கத்தாவிலும் இதே கதைதான். அதை ஆராய 1917-இல் அமைக்கப்பட்ட சாட்லர் கமிஷன், ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கிக் கற்கும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. டாக்கா அப்படி வந்ததுதான்.

அந்தக் காலகட்டத்தில்தான், 1920-இல், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழ்க் கல்லூரியும் இசைக் கல்லூரியும் சேர்ந்தன. 1924 முதல் 1927 வரை தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர் சாட்சாத் உ.வே.சாமிநாதையர்! இந்தக் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் கொடுக்க, 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929-இல் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பாடல் பெற்ற தலமான திருவேட்களத்தை ஒட்டி அண்ணாமலை நகர் எழுந்தது. வெளியூர்க் கல்லூரிகளை இணைத்துக்கொள்வதில்லை. கற்பிப்பது, தங்குவது, பட்டம் பெறுவது எல்லாம் ஒரே வளாகத்தில். இதுதான் ஏற்பாடு.

ஒரே இடத்தில் வாழ்ந்ததால் என்ன லாபம்? ஈழத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1935-இல் சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தரானார். 1941-இல் தமிழிசை மாநாடு இங்கே நடந்தது. 1945-இல் நம் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழும் இசையும் விஞ்ஞானமும் இன்ஜினீயரிங்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் மாட்டிய விவாதம் வகுப்பறையோடு முடியவில்லை. நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் என்பது தற்செயல் அல்ல.

அதே வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் உயிரிழந்தார். வளாக நுழைவாயிலில் அவருக்குச் சிலை இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போய் வருகிறோம். ஒருமுறையாவது நின்று பார்த்துவிட்டுப் போங்கள் தம்பிகளே.

பிறகு காலம் மாறியது. 1979-இல் தொலைதூரக் கல்வி வந்தது. இங்கே வந்து தங்க முடியாதவர்களும் அண்ணாமலைப் பட்டம் பெற்றார்கள். உறைவிடம் என்பதற்கு இது நேர் எதிர் என்றாலும், வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவு! பின்னர் நிதி நெருக்கடி முற்றி, 2013-இல் அரசு புதிய சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரி 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் நம் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளாயின. எந்த முறையிலிருந்து விலகி நிற்பதற்காக இந்த இடம் உருவானதோ, 92 ஆண்டுகளுக்குப் பின் அந்த முறையும் இங்கே வந்து சேர்ந்தது.

இதில் புலம்ப ஒன்றும் இல்லை. சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'உறைவிடம்' என்பதை ஒரு காலத்தில் சட்டமே காப்பாற்றிக் கொடுத்தது. இனி அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அங்கே வசித்தவர்கள்தான். சீட் கிடைத்தும் ஹாஸ்டல் செலவுக்கு வழியில்லாமல், தினமும் பஸ் பிடித்து வந்து மாலை நான்கு மணிக்கே ஓடும் பிள்ளைக்கு வகுப்பு கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். மற்ற பாதி கிடைக்காது. அந்தப் பாதிதான் நம்மை ஆளாக்கியது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நினைவுப் பரிசு, அலங்கார வளைவு எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு பேட்சும் ஆண்டுக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று இருவரின் ஹாஸ்டல், மெஸ் செலவை ஏற்றுக்கொள்ளலாமே. பெரிய தொகை இல்லை. பகிர்ந்துகொண்டால் தலைக்குச் சொற்பம்தான் வரும். செட்டியார் 20 லட்சம் கொடுத்து ஆரம்பித்ததை, நாம் இரண்டு பேருக்கு மெஸ் பில் கட்டித் தொடரலாம்.